மலையடிவார ஓடையைக் காட்டும் பழைய வரைபடம்

கோவைக்கு மேற்கே மருதமலை அடிவாரத்தில் தோட்டங்களாக இருந்த பல இடங்கள் இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. அப்பகுதியிலுள்ள வடவள்ளி 2011-ல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரம் மலையை நெருங்கும்போது ஓடைகள் தூர்ந்து போகின்றன. ஓடை அடைபட்டால் கீழேயுள்ள குளத்துக்கு நீர்வரத்து குறையும். கிணற்றில் ஊற்றும் குறையும்.

ஓடை சென்ற வழியை இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் காணலாம். அவற்றில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். பிந்தைய படங்களில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். எனவே கோயில், குளக்கரை போன்ற மாறாத அடையாளங்களைக் கொண்டே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

படத்தைப் பார்க்கும் முறை

1. பழுப்புக் கோடுகள் சம உயரமுள்ள இடங்களை இணைப்பவை. அவை நெருங்கியிருந்தால் சரிவு அதிகம்.

2. இக்கோடுகள் மேட்டை நோக்கிக் கூராக வளைந்தால் அது பள்ளம். தண்ணீர் இறங்கும் வழி.

3. மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு குடியிருப்பு. மஞ்சள் சிவப்பாக மாறிய இடங்களைக் குறித்துக்கொள்ளவும்.

4. நீலம் நீருள்ள இடம். கறுப்பு வறண்ட ஓடை. வறண்டதுதானே என்று விட்டுவிடக் கூடாது. ஐப்பசி மழையில் வெள்ளம் அவ்வழியேதான் வரும்.

அடுத்து செய்ய வேண்டியது

இப்படம் எல்லைக்குச் சான்றாகாது. கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றில் அந்த ஓடை புறம்போக்காக உள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிய வேண்டும். இருப்பின், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு மனு கொடுக்கலாம். மண் கொட்டுவதற்கு முன்பே கொடுப்பது நல்லது. வீடுகள் எழும்பிய பின் ஓடையை மீட்பது கடினம்.