விலைக்கு நிற்கும் பொருளும் சபைப் பேச்சும்

வீரசோழன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் பார்த்த பச்சைப் பூச்சாடியைப் படம் எடுத்து, மதுரையில் சேகரிப்பாளர்கள் கூடிய இடத்தில் காட்டி, "இது அசல் பெல்ஜியமா, கடைக்காரர் சொல்லும் விலை சரியா?" என்று கேட்டிருக்கிறாய். பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "தெரியாததைக் கேட்பது குற்றமா, ஐயா?" என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேட்கலாம். ஆனால் சாடி இன்னும் விற்கவில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அதனால் அதைப் பற்றி நானும் இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நம் ஊர் ஆட்டுச் சந்தை உனக்குத் தெரியாததல்ல. ஒருவர் கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசும்போது, பக்கத்தில் நிற்பவர் "அவ்வளவு பெறாது" என்றோ "விட்டுறாத" என்றோ வாய் திறந்தால் இரண்டு பக்கமும் வசவு விழும். மாட்டுத் தரகர்கள் துண்டால் மூடி விரல் பிடித்து விலை பேசியதும் பேரம் மூன்றாமவர் காதுக்குப் போகக் கூடாது என்றுதான். பழங்கண்ணாடி சேர்ப்பவர்கள் காக்கும் ஒழுங்கும் இதுவே. விலைக்கு நிற்கும் பொருளைச் சபையில் பேசுவதில்லை.

நீ படம் காட்டிய கூட்டத்திலேயே ஒருவர் அந்தச் சாடிக்காகப் பல வாரமாக அந்தக் கடைக்கு நடந்துகொண்டிருக்கலாம். யாராவது பெரிய மனிதர் "அருமை" என்றால் அவருக்கு விலை ஏறும். "போலி" என்றால், பொருளைக் கையால் தொடாத ஒருவர் சொல்லால் கடைக்காரர் பிழைப்பில் மண் விழும். கண்ணாடியைப் படத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரை நான் நம்புவதே இல்லை. அதன் கனம், அச்சில் வார்த்த கோடு, ஊதி முடித்தபின் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த அடி வடு, பல காலம் மேசையில் உரசிய தேய்மானம் இவையெல்லாம் கையும் கண்ணும் சேர்ந்து அறிய வேண்டியவை.

அந்தப் 'பெல்ஜியம்' என்ற பேச்சு எனக்கு நெடுநாள் எரிச்சல். செட்டிநாட்டு வீட்டிலிருந்து வரும் கண்ணாடி எதுவானாலும் பெல்ஜியம்! பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடிகள் வந்தது உண்மை. 1826இல் லியேஜ் நகருக்கு அருகே தொடங்கிய வால் சான் லாம்பேர் படிகக் கண்ணாடிக்குப் பேர்போன ஆலை என்பதும் உண்மை. ஆனால் இந்திய அரண்மனைகளுக்குச் சரவிளக்குகள் செய்துகொடுத்த ஆஸ்லர் கம்பெனி இருந்தது இங்கிலாந்தின் பர்மிங்காமில். அதற்குக் கல்கத்தாவில் கடையே இருந்தது. 1851 லண்டன் பொருட்காட்சியின் நடுவே 27 அடி உயரத்துக்குப் படிக நீரூற்று ஒன்றை நிறுத்தியவர்களும் அவர்கள்தான். அதன் படத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, இரவு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நம் பாட்டிமார் கையில் போட்ட கண்ணாடி வளையல்களில் எத்தனையோ பொஹீமியாவின் யாப்லோனெட்ஸ் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை. இன்னொன்றையும் மனதில் வை: அடியில் 'செக்கோஸ்லோவாக்கியா' என்று முத்திரை இருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. அந்த நாடு பிறந்ததே அந்த ஆண்டில்தான்.

பிறகு எல்லாம் எப்படிப் பெல்ஜியம் ஆயின? என் எண்ணம் இது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபின், அங்கே தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் பலருடைய செல்வம் சரிந்தது. பின்னாளில் வீடுகளைப் பிரித்து விற்றபோது சாமான் கடைக்கு வந்தது, வாங்கிய சீட்டு வரவில்லை. கடையில் நின்ற யாரோ விவரம் தெரிந்தவர் போல ஒரு பேரைச் சொன்னார். அடுத்து வந்தவரிடம் கடைக்காரர் அதையே சொன்னார். விலைக்கு நிற்கும்போது சொல்லும் சொல் பொருளோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டினாலும் போகாது. இந்த ஒழுங்கை வெறும் மரியாதை என்று நினைக்காதே. நாம் படிக்கும் வரலாறு கெடாமல் இருக்கவும் இது வேண்டும்.

கடையில் நடந்துகொள்ள வேண்டிய முறையும் உண்டு. ஒருவர் கையில் பொருள் இருக்கும்போது பக்கத்தில் போய் நிற்காதே. வாங்கும் எண்ணம் இல்லாமல் எதிர்விலை கேட்காதே. கேட்டு அவர் "சரி" என்றால் வாங்கியே தீர வேண்டும். நல்ல பொருள் என்று தெரிந்துகொண்டே குறை சொல்லி விலையை இறக்குவது திருட்டுக்குச் சமம், அதை என் மாணவன் செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் தனியே கேள். விற்று முடிந்தபின், வாங்கியவர் சம்மதித்தால், எத்தனை பேர் கூடி வேண்டுமானாலும் விடிய விடியப் பேசுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் இந்த மௌனம் உதவாது. நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றுக் கரை மேட்டில், 2022இல் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் ஏராளமாகக் கிடைத்தன. அப்படி மண்ணிலிருந்து எடுத்த மணியை யாராவது தாளில் பொதிந்து விலைக்குக் கொண்டுவந்தால் அங்கே பேரமே கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயது கடந்த பொருள் தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் எதுவும் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. கொண்டுவந்தவரை மிரட்டாதே. எந்த மேடு, எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள். எழுதியதை எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துப்போய் அன்றைக்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்