ஒரே மாதிரியான வாரங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோவில்பட்டியில் போன வாரம் எப்படியோ அப்படியேதான் இந்த வாரமும் வருகிறது, வாசிப்பில் ஆசை உள்ளவள் சென்னைக்கோ மதுரைக்கோ போனால்தான் வழி பிறக்கும் என்று எழுதியிருக்கிறாய். ஊரைப் பற்றி நீ சொன்னது சரி. காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன்கள், கடலைமிட்டாய்க் கடைகளில் பாகு காயும் வாசம், சனிக்கிழமை என்றால் எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குப் போகிற கூட்டம், பங்குனியில் செண்பகவல்லியம்மன் கோயில் திருவிழா. வருஷம் முழுக்க இந்த வட்டம்தான். ஆனால் இப்படி ஒரே மாதிரி வருகிற வாரங்கள் வாசிப்பைக் கெடுக்கும் என்று நீ முடிவு கட்டியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசிப்பு நிலைக்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப வருகிற ஒரு நாளும், அந்த நாளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற மனிதர்களும் வேண்டும். பெரிய நகரத்தில் அரும்பாடுபட்டு ஏற்படுத்திக்கொள்ள வேண்டிய இந்த இரண்டும் சிற்றூரில் கேட்காமலே கிடைக்கின்றன. உன் வட்டாரத்தின் வரலாற்றைக் கொண்டே இதைச் சொல்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் இருக்கிற இடைசெவலை உனக்குத் தெரியும். கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அந்த ஒரே ஊரில் பிறந்து, சேர்ந்து வளர்ந்தவர்கள். அழகிரிசாமிக்கு 1970இல் ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக, அவர் மறைந்த பிறகு, சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குக் கிடைத்தது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் கி.ரா. எட்டாம் வகுப்பைத் தாண்டாத சம்சாரி. அவருக்கு வாசிப்பு பள்ளிக்கூடத்தின் வழியாக வரவில்லை. கூட ஒரு நண்பன் இருந்ததாலும், அந்த நண்பனோடு நாள்தோறும் பேச முடிந்ததாலும் வந்தது. இருவரையும் ஈர்த்த ரசிகமணி டி.கே.சி.யின் ‘வட்டத்தொட்டி’யையும் எண்ணிப் பார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடியவர்கள் புதுப்புதுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு போகவில்லை. கம்பனுடைய ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு நிறுத்தி, திருப்பிச் சொல்லி, சுவைத்து, அடுத்த வாரம் இன்னொரு பாட்டுக்கு வந்தார்கள். ஞாயிறு தவறாமல் வந்ததுதான் அந்தக் கூட்டத்தின் பலம். இவ்வளவு சிறிய வட்டம் தமிழ் ரசனையின் போக்கையே கொஞ்சம் திருப்பியது என்றால், காரணம் அதன் அளவில் இல்லை, அது விடாமல் நடந்ததில் இருக்கிறது.

திரும்ப வருகிற நாட்களுக்கு இன்னொரு பயன் உண்டு. காதில் விழுந்துகொண்டே இருப்பதைத்தான் ஒரு நாள் கண் தேடிப்போய்ப் படிக்கும். கழுகுமலை முருகன் மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்தை இந்தப் பக்கத்தில் காவடி எடுக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தார்கள். அவர் பிறந்தது 1865, இறந்தது 1891. இருபத்தாறு வயதுக்குள் முடிந்துபோன வாழ்க்கை. அந்தப் பாட்டுகளைப் பதிப்பித்து, பாடியவரின் வரலாற்றையும் எழுதி வைத்தவர் இடைசெவல்காரரான அழகிரிசாமி. எங்கிருந்தோ வந்த ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு அது பட்டியலில் உள்ள ஒரு நூலாக மட்டும் தெரிந்திருக்கலாம். இந்த மண்ணில் வளர்ந்தவருக்கு அது தெருவில் கேட்ட பாட்டு. சோ.தர்மனின் ‘சூல்’ நாவலுக்கு 2019இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது உனக்கு நினைவிருக்கும். அந்த நாவல் முழுக்க உருளைக்குடியின் கண்மாய் நிற்கிறது. எந்த மடையை எப்போது திறப்பது, கரையை யார் பார்த்துக்கொள்வது, கண்மாய் அழிந்தால் அதோடு சேர்ந்து என்னவெல்லாம் அழியும் என்பதை ஓரிரு வாரம் வந்து தங்கிப் போகிறவரால் எழுதியிருக்க முடியாது. வருஷா வருஷம் அதே கண்மாய் பெருகுவதையும் வற்றுவதையும் பார்த்தவரால்தான் முடியும். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் அப்படித்தான். சம்சாரியும் ஆடு மேய்க்கிறவரும் பாட்டிகளும் நித்தமும் புழங்குகிற சொற்கள் அச்சில் ஏறுவதற்கு, பக்கத்திலேயே இருந்து காது கொடுத்த ஒரு வாசகர் வேண்டியிருந்தது.

எழுத்தாளர்களை மட்டுமே சொன்னால் வாசிப்பு அவர்களுக்கானது என்று தோன்றிவிடும். ஆகவே வீட்டுப் பரண்களுக்கு வருகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எத்தனையோ வீடுகளில், குறிப்பாகப் பெண்கள், வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கடையில் கொடுத்து பைண்டு செய்து வைத்தார்கள். அப்படி ஒரு தொகுப்பு கையில் கிடைத்தால் நிதானமாகப் புரட்டிப் பார். கனத்த அட்டை, முதுகில் ஒட்டிய காலிகோ துணி, ஓவியர் மணியத்தின் படங்கள். ஓர் அத்தியாயம் முடிகிற பக்கத்தைத் திருப்பினால் வேறொரு கதையின் நடுப்பகுதி இருக்கும், அல்லது ஒரு சோப்பு விளம்பரம் இருக்கும். தைத்த இடத்தில் ஓரத்து எழுத்துகள் உள்ளே போயிருக்கும், விரித்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். அந்தத் தொகுப்பு மூன்றரை வருஷ வாரங்களை வரிசையாகத் தைத்து வைத்த பொருள். தெருவில் ஒரு வீட்டுக்கு இதழ் வந்தால் நாலு வீடு படிக்கும். அடுத்த இதழ் வரும் வரை கதாநாயகன் வந்தியத்தேவன் என்ன ஆவான் என்று கிணற்றடியில் பேச்சு நடக்கும். கல்லூரி வாசலை மிதிக்காத பெண்கள் அவ்வளவு பெரிய நாவலைப் படித்து முடித்தது இப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக, காத்திருந்து, பேசிக்கொண்டே. ஒரே மூச்சில் வாசிப்பதுதான் உயர்ந்த வாசிப்பு என்கிறவர்கள் இவர்களைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை, அது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி உன் ஊர் நூலகம். அது அரசாங்கம் போட்ட பிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதே. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டன் போய் அங்கே பொது நூலகங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, இங்கும் நூலகத்துக்கென்று சட்டம் வேண்டும் என்று இடைவிடாமல் வாதாடினார். 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிறவர் மாட்டுவண்டியில் புத்தக அலமாரி அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த முயற்சிக்குப் பின்னாலும் ரங்கநாதன் இருந்தார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் சட்டம் அதுதான். அதன்படி ஊரில் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். இப்போது வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. உங்கள் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பார், அந்தத் தொகை தனியாக இருக்கும். படிக்காதவர் கட்டிய காசும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே நூலகப் படியேறும்போது தயங்கவே வேண்டாம்.

நூலகத்தில் ஒரு வேலை செய்து பார் என்று சொல்வேன். கதைப் பகுதியில் ஏதாவது பழைய புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் படி. முத்திரை குத்திய தேதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். சில சீட்டுகளில் பதினைந்து நாளுக்கு ஒரு முத்திரை, கோடை விடுமுறையில் நெருக்கமாக. சிலவற்றில் ஒரு தேதிக்கும் அடுத்ததற்கும் இடையில் பல வருஷம். ஓர் ஊர் எதை விரும்பி வாசித்தது, எப்போது வாசிப்பதை விட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. பத்திரிகை மேசையையும் கவனி. காலையில் தினத்தந்தி முழுசாக ஒருவர் கையில் இருக்காது. தாள் தாளாகப் பிரிந்து ஐந்து பேரிடம் இருக்கும். ஒருவர் முடித்ததும் எதிரே இருப்பவரிடம் தள்ளுவார், கூடவே ஒரு வார்த்தையும் சொல்வார். 1942இல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய அந்தப் பத்திரிகை பேச்சுத் தமிழுக்கு நெருங்கிய சொற்களில் எழுதியதால், டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க எழுத்துத் தெரியாதவர்களும் சேதி தெரிந்துகொண்டார்கள். வாசிப்பு என்றால் தனியறையில் அமைதியாக நடப்பது என்ற எண்ணம் நம் ஊர்களுக்குப் பொருந்தாது.

உன் மறுப்புகள் இப்போதே காதில் கேட்கின்றன. நூலகத்தில் புதுப்புத்தகம் எங்கே வருகிறது, உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்பாய். புத்தகத் தட்டுப்பாடு நிஜம். ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் குறைத்து எண்ணாதே. இன்றைக்குப் பல கிளை நூலகங்களில் நாள் முழுக்க விளக்கு எரிவது அவர்களால்தான். தமிழ்த் தாளுக்காகவாவது இலக்கியத்தின் பக்கம் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தியிடம் ஒரு சிறுகதைத் தொகுப்பை நீட்ட நீ இருக்கிறாய். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு, பல ஊர்களில் பெயரளவில் கிடக்கிறது. நூலகரிடம் போய் அதை மாதம் ஒரு முறை கூட்டச் சொல்லிக் கேட்பது நகரத்தில் விடுதி தேடுவதைவிடச் சுலபம்.

அழகிரிசாமி ஊரில் தங்கவில்லையே, சென்னைக்குப் போனார், மலேயாவில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார், கி.ரா.வும் கடைசியில் புதுச்சேரிக்குத்தானே போனார் என்றும் கேட்பாய். போனார்கள். போகக் கூடாது என்று நானும் சொல்லவில்லை. ஆனால் போன அழகிரிசாமி ஊரில் இருந்த கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே கிடைக்கின்றன. ஊரோடு பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்து, 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் ‘மாயமான்’ கதையோடு வந்தபோது அவருக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. நகரத்தில் இருந்திருந்தால் முந்தியே எழுதத் தொடங்கியிருப்பாரோ என்னவோ. ஆனால் அத்தனை வருஷம் காதில் சேர்த்த பேச்சு அந்த எழுத்தில் இருக்காது. கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பதற்கும் பதில் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எத்தனையோ பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, தாராளமாகப் பயன்படுத்து. நூல் கிடைப்பது வேறு. நீ படித்த அதே பக்கத்தைப் படித்த ஆளை வியாழக்கிழமை கடைத்தெருவில் எதிரே பார்ப்பது வேறு. இரண்டாவதுதான் உன்னை அடுத்த புத்தகத்துக்குக் கொண்டு போகும்.

கனமான மறுப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. சிற்றூர் என்றால் எல்லோரும் சேர்ந்து உட்காரும் இடம் என்று எழுதுவது உண்மையை மூடுவதாகாதா? ஆகும், அத்தோடு நிறுத்தினால். 1895இல் கழுகுமலையில் தேர்வீதி வழியாக எந்தச் சாதியார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு கொலையில் முடிந்தது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் அந்த நாட்களையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் விரிவாகச் சொல்கிறது. வீட்டு முற்றத்தில் நடந்த இலக்கியக் கூட்டங்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், அங்கே போய்ச் சேரும் வழி எல்லாருக்கும் ஒன்றுபோல் இருந்ததில்லை. டீக்கடை பெஞ்சில் இன்றைக்கும் ஒரு பெண் உட்கார்ந்து பேப்பர் விரிக்க முடிவதில்லை. வட்டத்தொட்டியைப் போற்றிவிட்டு, அதைவிட அழுத்தமாகக் கிளை நூலகத்தை நான் பிடித்துக்கொள்வது இதனால்தான். அங்கே யார் வீட்டு முற்றமும் இல்லை, யாருடைய அழைப்பும் தேவையில்லை, எந்தத் தெருக்காரி என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. வழக்கத்தால் இன்னும் சில இடங்களில் பெண்கள் பகுதி வெறிச்சோடித்தான் கிடக்கிறது. அங்கே தினமும் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தால் மூன்றாமவளை வீட்டில் தடுப்பது கடினமாகிவிடும்.

வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் நூலகம் விடுமுறை. மீதி நாட்களில் உனக்கு ஒத்துவருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பரீட்சையோ திருவிழாவோ எது வந்தாலும் அந்த நாளை விடாதே. முதலில் அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘அன்பளிப்பு’ இரண்டு கதைகளையும் எடு. இரண்டுமே குழந்தைகளைப் பற்றியவை, இரண்டாவதில் புத்தகங்கள் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசை வருகிறது. படித்துவிட்டு உன் தோழிக்குக் கொடு, அவளுக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டு எனக்கு எழுது. ‘சூல்’ கொஞ்சம் பெரிய புத்தகம். அதை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள், முடிந்தால் பாதி படித்ததும் ஒரு நாள் உருளைக்குடிப் பக்கம் போய்க் கண்மாயைப் பார்த்துவிட்டு மீதியைப் படி.

அன்புடன்,
அண்ணன்