கவிழ்த்தாலும் விழாத தயிர்

கிண்ணியாப் பாலம் தாண்டியதும் பஸ்ஸை விட்டு இறங்கி, வீதியோரக் கடையொன்றில் ஒரு சட்டித் தயிர் கேட்டேன். கடைக்கார நானா மேலே கட்டியிருந்த தாளை விலக்கி, சட்டியை என் முகத்துக்கு நேரே தலைகீழாகப் பிடித்தார். தயிர் அசையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், கையில் கோப்புப் பை வைத்திருந்த உத்தியோகத்தர், என் காதோடு சொன்னார்: "மா போடாமல் இப்பிடி நிக்குமோ?"

நானாவுக்குக் கேட்டிருக்கும். கேளாதவர் போல அடுத்த சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் சரக்கின் தரத்தைக் காட்ட அவர் செய்த வித்தையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இளகி இருந்தால் தண்ணீர் கலந்தது, இறுகி இருந்தால் மா கலந்தது. பாவம், கிண்ணியாவின் எருமைத் தயிர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குற்றவாளிதான்.

முதலில் அந்த மா. பசுப்பாலில் நீர் போக மிஞ்சும் திடப்பொருள் நூற்றுக்கு 12 அல்லது 13 பங்கு. எருமைப்பாலில் 16 முதல் 18 வரை. கொழுப்பை மட்டும் பார்த்தால் பசுவில் 4ஐ ஒட்டி நிற்கும், எருமையில் 7, 8 என்று ஏறும். பாலை உறையவைக்கிற கேசீன் என்ற புரதமும் எருமைப்பாலில் கூட. இத்தனையும் இருக்கிற பால் இறுகாமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இறுக்கத்தின் மிச்சக் கணக்கு அடுப்பில் இருக்கிறது. பால் கொதிக்கும்போது, 80 பாகை தாண்டியதும், அதில் கரைந்து கிடக்கிற வேறொரு புரதம் குலைந்துபோய்க் கேசீனில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்து, நேற்றைய தயிரிலிருந்து கொஞ்சம் எடுத்து உறை விடுகிறார்கள். உறையில் இருக்கிற நுண்ணுயிர்கள் பாலின் இயற்கைச் சீனியான லாக்டோசைத் தின்று லாக்டிக் அமிலம் ஆக்குகின்றன. புளிப்பு ஏற ஏறக் கேசீன் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. கொழுப்பும் நீரும் அந்த வலைக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. அரைகுறையாகச் சூடாக்கிய பாலில் இந்த வலை தளர்ந்துதான் இருக்கும். சட்டி கவிழ்கிறபோது தயிர் விழாமல் நிற்பது, பால் நன்றாகக் கொதித்திருக்கிறது என்பதற்கும் ஓரளவு அடையாளம்.

நாட்டில் எவருமே எதையும் கலப்பதில்லை என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. இறுக்கத்தை மட்டும் வைத்து எவரையும் கள்வன் ஆக்க முடியாது என்கிறேன், அவ்வளவுதான். மனம் ஆறாதவர்கள் பாமசியில் அயடீன் கரைசல் ஒரு சிறு போத்தல் வாங்கலாம். ஒரு கரண்டித் தயிரைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டு துளி விட்டுப் பாருங்கள். கோதுமை மாவோ, அரிசி மாவோ, மரவள்ளி மாவோ இருந்தால் கருநீலமாக மாறும். (சோதித்த தயிரைக் கொட்டிவிடுங்கள். அதையும் வீணாக்கக்கூடாது என்று வாயில் போடுகிற சிக்கனக்காரர்களை எனக்குத் தெரியும்.)

அடுத்த வழக்கு நிறத்தின் மேல். "இந்த வெள்ளை பால்மா வெள்ளை." பைக்கற்றில் பால்மா வாங்கிப் பழகிய நாடு இது, 2022இல் அதற்காக வரிசையிலும் நின்றோம். வெள்ளையைக் கண்டதும் பைக்கற்று ஞாபகம் வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் எருமைப்பால் வெள்ளையாக இருப்பது எருமையின் உடலுக்குள் நடக்கிற காரியம். புல்லில் கரட்டீன் என்ற மஞ்சள் நிறப்பொருள் இருக்கிறது. பசு அதில் ஒரு பங்கை அப்படியே பால் கொழுப்புக்குள் விட்டுவிடும்; அதனால்தான் பசு நெய் மஞ்சள். எருமை அதை அநேகமாக முழுவதும் நிறமில்லாத விற்றமின் ஏ ஆக மாற்றிவிடும். ஆட்டுப்பாலும் இதே காரணத்தால் வெள்ளைதான். ஆகவே எருமைத் தயிர் என்று சொல்லி விற்ற சட்டியில் ஏடு மஞ்சளாகப் படிந்திருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம். வெள்ளையாக இருந்தால் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

மண்சட்டியைப் பற்றி இரண்டு எதிரெதிரான கதைகள் உலவுகின்றன. சட்டி வெறும் அழகுக்கு என்கிறவர்கள் ஒரு பக்கம். சூளையில் சுட்ட மண்ணில் கிருமி அண்டாது என்கிறவர்கள் மறுபக்கம். இரண்டும் பிழை. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. தயிரிலிருந்து நீர் அவற்றில் ஊறி வெளியே வந்து ஆவியாகிறது. சட்டி குளிர்கிறது, தயிர் கெட்டியாகிறது. பாற்கட்டி செய்கிறவர்கள் உறைந்த பாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடிப்பார்கள். இத்தாலியில் எருமைப்பாலில் மொசரெல்லா செய்தாலும் சரி, பிரான்சில் ஆட்டுப்பாலில் பாற்கட்டி செய்தாலும் சரி, நீரைப் பிரிப்பதுதான் பாதித் தொழில். நம்முடைய சட்டி அதில் கொஞ்சத்தை ஓசையில்லாமல் செய்கிறது. ஆனால் சூளை சுட்டது ஒரு முறைதான். அதன்பிறகு லொறியில் வந்த புழுதியும் கழுவிய தண்ணீரும் அதே துளைகளுக்குள்தான் போகின்றன. சட்டியைக் கழுவியது எந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்று எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தயிரின் மேலே நீர் தெளிந்து நின்றால் தண்ணீர் கலந்தது என்றும் அர்த்தமில்லை. வலை கிழிந்தால் உள்ளே இருந்த நீர் வெளியே வரும். கூடப் புளித்தாலும் கிழியும், குலுக்கினாலும் கிழியும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து எதுவும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டியிருந்தது. இப்போது சட்டிகள் பஸ்ஸின் பின் இருக்கையில் குதித்துக் குதித்துப் போகின்றன. வீட்டில் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுகிறவர் சாரதியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி, கிண்ணியாவில் சொல்லவே கூடாத ஒரு நம்பிக்கை: மீனும் தயிரும் சேர்த்துத் தின்றால் உடம்பில் வெண்குட்டம் வரும். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் எருமைப் பட்டி. இந்த ஊரில் அது மெய்யானால் பாதிப்பேர் புள்ளி புள்ளியாகத் திரிய வேண்டும். தோலுக்கு நிறம் தருகிற கலங்களை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது அந்த வெண்புள்ளி. தின்கிற சாப்பாட்டோடு அதற்குத் தொடர்பில்லை, தொற்றுவதுமில்லை. பெயரில் குட்டம் இருந்தாலும் குட்டநோய்க்கும் அதற்கும் உறவு கிடையாது.

ஆனால் மீன் தின்று தோல் தடித்துச் சிவந்ததைக் கண்டவர்கள் உண்டு, அவர்கள் பொய் சொல்லவில்லை. சூரை, கெளவல்லன் போன்ற மீன்களை உடனே ஐஸில் போடாவிட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமீன் ஊறிவிடும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. தின்று சிறிது நேரத்திலேயே முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு கடிக்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அன்றைக்குப் பீங்கானில் தயிரும் இருந்திருந்தால் பழி யார்மேல் விழும்? ஐஸ் பெட்டியைத் தேடிப்போக வேண்டிய வழக்கு தயிர்க்கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இரவில் தயிர் சளி பிடிக்கும் என்பதற்கு அதிகம் மினக்கெடத் தேவையில்லை. நோன்பு மாதத்தில் விடியப்புறம் சஹர் சோற்றோடு தயிரும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து தின்றே இந்தக் கரையில் தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. 60 பேருக்குத் தடிமன் வைரசைக் கொடுத்துக் கவனித்து 1990இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்விலும், பால் கூடக் குடித்தவர்களுக்கு மூக்குச்சளி கூடுதலாக வரவில்லை. பாலும் உமிழ்நீரும் கலந்தால் தொண்டையில் கொஞ்சம் பிசுபிசுப்புத் தெரியும். அதைத்தான் சளி என்கிறோம்.

சிரித்துவிட்டுப் போக முடியாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது. "கொதிக்க வைத்தால் சத்துப் போய்விடும், பச்சைப்பாலில் உறை விட்டதுதான் அசல்." சில விற்றமின்கள் கொஞ்சம் குறையும், கல்சியமும் புரதமும் எங்கும் போகாது. பச்சைப்பாலில் புரூசெல்லா கிருமி இருந்தால் நிலைமை வேறு. அது மாட்டில் கன்று கலையச் செய்யும். மனிதரில் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுநோவும் தரும். தயிரின் புளிப்பு அதைக் கொன்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கொதி கொல்லும். மா இருக்கிறதா என்று கேட்ட உத்தியோகத்தர், பால் கொதித்ததா என்று கேட்கவில்லை.

எருமைக்குச் செலவில்லை, அது பாட்டுக்குச் சேற்றில் கிடக்கும், காசு கறக்கும் என்பது கடைசி. சேற்றில் கிடப்பது அழுக்குப் பிரியத்தால் அல்ல. கறுத்த தோல், அதில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலில் உடம்பைக் குளிர்த்த அதற்கு வேறு வழியில்லை. சேறு காய்ந்தால் பூச்சிக்கடிக்கும் கவசம். பார்த்தால் தென்கிழக்காசியச் சேற்று எருமை போலவே இருக்கிற நமது நாட்டு எருமை, மரபணுவில் அந்தச் சாதியே இல்லை. சேற்று எருமைக்கு 48 நிறமூர்த்தங்கள். நம்முடையதற்கு 50, முரா போன்ற ஆற்று எருமைகளுக்கு இருப்பது போல. உருவத்தை வைத்து ஏமாந்தது தயிர் வாங்குகிறவர்கள் மட்டுமல்ல.

அதன் தீனி மகாவலி வெள்ளம் வடிந்து முளைக்கிற வில்லுப் புல்லிலும் குளத்துத் தாழ்விலும் கிடக்கிறது. பெரும்போகம் விதைத்தால் வயற்கரையில் மாடு நிற்க முடியாது. பட்டியைக் காட்டோரம் ஓட்ட வேண்டும், அங்கே யானை. அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் தாள் கிடைக்கும்வரை பட்டிக்காரர் மாட்டோடு மாடாக அலைகிறார். மேய்ச்சல்தரை வயலாகவும் வளவாகவும் சுருங்கச் சுருங்க அந்த நடை நீள்கிறது.

"ஒரு மாடு எவ்வளவு தரும் நானா?" என்று கேட்டேன்.

"மழை நேரம் ரெண்டு லீற்றர். இப்ப ஒண்டு. கண்டுக்கும் உடணுமே சேர்."

ஒரு லீற்றர்ச் சட்டிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர்ப் பால். கையில் இருந்த சட்டி, ஒரு எருமையின் ஒரு நாள்.

நான் இரண்டு வாங்கினேன். உத்தியோகத்தரும் கோப்புப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேர்ஸை எடுத்தார். காசு கொடுக்கும் முன் சட்டியை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு நானாவிடமே திருப்பி நீட்டினார்.

"எங்க, இதையும் ஒருக்காக் கவிழ்த்துக் காட்டுங்கோ."