வெள்ளைக் கல்நார் என்னும் நல்லபிள்ளை

“நீலக் கல்நார்தான் விஷம், ஐயா, நம் ஊரில் விற்பது வெள்ளை, அது நெஞ்சுக்குள் போனாலும் தானே கரைந்து போய்விடும்” என்கிற வாசகத்தை, கூரைத் தகடு விற்கும் வியாபாரியிடமும், வீடு கட்டித் தரும் மேஸ்திரியிடமும், போதாக்குறைக்குப் பொறியியல் பட்டம் பெற்ற கனவான்களிடமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நெஞ்சக நோய்களுக்குச் சிகிச்சை செய்வதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு வேறு பல தவறான அபிப்பிராயங்களைப் புன்னகையோடு கேட்டுவிட்டுப் போகும் பொறுமை உண்டு. இந்த ஒன்றினிடத்தில் மட்டும் இல்லை. மற்றவை அறியாமையால் பிறந்தவை. இதுவோ, ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரை விற்று வாழ்கிறவர்கள் பல தசாப்தங்களாகச் சிரத்தையோடு நீர் வார்த்து வளர்த்த பயிர்.

ஏழைக்கும் நடுத்தர வகுப்பினருக்கும் இந்தக் கல்நார்த் தகடு ஏன் பிரியமானதாயிற்று என்பதை நான் அறியாதவனல்லன். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, கான்கிரீட் தளத்துக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்ட பின்பு, தமிழ்நாடெங்கும் கீற்றை இறக்கிய பல இடங்களில் ஏறி உட்கார்ந்தது இதுவே. நெருப்புக்கு அஞ்சிய ஜனங்கள் தூசுக்கு அஞ்சவில்லை. நெருப்பு அன்றே கொன்றுவிடும், தூசோ இருபது ஆண்டுகளிலிருந்து ஐம்பது ஆண்டுகள் வரை காத்திருந்து கொல்லும். “எங்கள் தகப்பனார் முப்பது வருஷம் ஷீட் அறுத்தார், ஒன்றும் ஆகவில்லையே” என்று வாதிப்பவர்கள், முப்பது வருஷம் என்பது இந்த வியாதியின் கணக்கில் இன்னும் முடியாத தவணை என்பதை உணர வேண்டும்.

இனி, வெள்ளையின் யோக்கியதையைப் பார்ப்போம். கல்நார் என்பது ஒரே பொருளன்று. கிரைசோடைல் எனப்படும் வெள்ளை ஒரு குடும்பம். குரோசிடோலைட் என்ற நீலமும், அமோசைட் என்ற பழுப்பும் வேறொரு குடும்பம். வெள்ளையின் இழைகள் சுருண்டவை. நுரையீரலுக்குள் புகுந்தபின் நீலத்தின் ஊசி போன்ற இழைகளைக் காட்டிலும் விரைவாக முறிந்து நீங்கக்கூடியவை. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் உண்டாகும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றைப் பொறுத்தமட்டில் நீலமே பன்மடங்கு உக்கிரமானது. இவ்வளவும் மெய்; வியாபாரிகளும் இந்த மெய்யைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால், நாகத்தின் விஷம் கடுமை என்பதற்காக விரியனை மடியில் கட்டிக்கொள்ளும் புத்திசாலி எவரேனும் உண்டா? அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஏறக்குறைய வெள்ளைக் கல்நாரை மட்டுமே நூற்ற ஆலையொன்றின் தொழிலாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சுவாசித்த தூசு ஏற ஏற அவர்களிடையே நுரையீரல் புற்றுநோயும் கல்நார்ச் சுவாச நோயான ஆஸ்பெஸ்டோசிஸும் ஏறின. கரைந்துபோகிற பொருள் என்றால் அந்த ஆலைத் தொழிலாளரின் நெஞ்சில் அது ஏன் கரையவில்லை? உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை, நீலம், பழுப்பு என்ற பேதமின்றி எல்லாக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது நிச்சயம் என்ற முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. நுரையீரலோடும் அதன் சவ்வோடும் நில்லாமல், குரல்வளையையும் பெண்களின் சினைப்பையையும் அந்தத் தீர்ப்பில் குறித்திருக்கிறது. தொழிலிடங்களில் சுவாசித்த கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2,00,000-க்கு மேற்பட்டோர் மாள்கிறார்கள் என்பது அதே ஸ்தாபனத்தின் மதிப்பீடு. இத்தனைக்குப் பிறகும் வெள்ளையை நல்லபிள்ளை என்று சாதிப்பவரிடம் விவாதிப்பது என் நேரத்தையும் அவர் நேரத்தையும் விரயம் செய்வதாகும்.

நீலம், வெள்ளை என்ற வாதம் சரிந்ததும் அடுத்த அரண் சிமெண்ட். தகட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கே கல்நார், மீதி சிமெண்ட், இழைகள் அதற்குள் சிறைப்பட்டிருக்கின்றன என்பார்கள். சிறை உடையாதவரை உண்மைதான். ஆனால் தகட்டை வளை மீது பொருத்த வேண்டுமானால் போல்ட்டுக்குத் துளையிட வேண்டும். ஓரம் ஒத்துவராவிட்டால் மின்சார ரம்பத்தால் அறுக்க வேண்டும். அறுக்கும்போது எழும் வெண்புகை போன்ற தூசில் சிறையின் கதவு அகலத் திறக்கிறது. கூரை மேல் வேலை செய்கிறவன் வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்கிறான். கீழே சிதறியதை வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிறாள். அவ்விடத்திலேயே பிள்ளைகள் உடைந்த சில்லுகளை எடுத்துத் தரையில் கோடு கிழித்து விளையாடுகிறார்கள். பல ஆண்டு வெயிலும் மழையும் தின்ற தகட்டின் மேற்பரப்பில் சிமெண்ட் அரிந்து இழைகள் துருத்திக்கொண்டு நிற்கும். 2018 நவம்பரில் காவேரி டெல்டாவைக் கஜாப் புயல் சூறையாடியபோது ஓடுகளோடு இந்தத் தகடுகளும் நொறுங்கின. நொறுங்கியவற்றை வெறுங்கையால் வாரிய குடும்பங்களிடம் சிமெண்டின் சிறையைப் பற்றி யார் போய் உபந்நியாசம் செய்வது?

மூன்றாவது அரண் அரசியல். மேல்நாட்டார் தங்கள் செயற்கை நாரை விற்பதற்காகக் கட்டிவிட்ட கதையாம் இது! அப்படியானால் கானடாவின் சரித்திரத்துக்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? வெள்ளைக் கல்நாரைத் தோண்டி உலகுக்கெல்லாம் விற்று, அது தீங்கற்றது என்ற இந்த வாதத்தையும் கூடவே ஏற்றுமதி செய்த அந்த நாடே 2018-இல் அதைத் தடை செய்தது. கியூபெக் மாகாணத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் பூண்டிருந்த சுரங்க நகரம் 2020-இல் வாக்கெடுத்துத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நம் இந்தியாவோ சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை 1986-லேயே நிறுத்திவிட்டு, ருஷ்யாவிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் அதே பொருளைக் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறது. தோண்டத் தகாதது எப்படிச் சுவாசிக்கத் தக்கதாயிற்றோ, தெரிந்தவர்கள் சொல்லட்டும். வியாபாரச் சதி என்று பேச வேண்டுமானால் இலங்கைக்குப் போவோம். கல்நாரைப் படிப்படியாக ஒழிப்பதென்று அந்நாட்டு அரசாங்கம் தீர்மானித்திருந்த வேளையில், 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு காணப்பட்டதென்று காரணம் காட்டி ருஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. கொழும்பு உடனே கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தேயிலைக்கும் வழி திறந்தது. சதி இருந்தது எந்தப் பக்கம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு காகிதம் வேண்டியதில்லை. வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசு இறங்கிவிடும் என்பது வீண் பேச்சு. அவை இறங்குவது இரைப்பைக்கு, தூசு இருப்பது நுரையீரலில். மருந்துக் கடையில் விற்கும் மூன்று மடிப்பு முகமூடி இந்த இழைக்கு ஒரு பொருட்டே அல்ல. முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி வேண்டும். புகை பிடிக்காதவனுக்கு ஒன்றும் வராது என்பது பாதிப் பொய்: கல்நாரும் புகையும் படாதவனுக்கு நுரையீரல் புற்றின் அபாயம் 1 என்றால், கல்நார் மட்டும் பட்டவனுக்கு ஏறத்தாழ 5, புகைப்பவனுக்கு 11, இரண்டும் சேர்ந்தவனுக்கு 50-க்கும் மேல் என்று அமெரிக்கத் தொழிலாளரிடையே கண்டார்கள், மீசோதீலியோமாவோ பீடி பிடித்தானா என்று விசாரித்துக்கொண்டு வருவதில்லை. ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமே வரும் என்பதும் தவறு. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற நோய்க்கூற்றியலார் வெளியிட்ட 33 மீசோதீலியோமா நோயாளிகளுள், சுரங்கத்தில் ஒரு நாளும் வேலை செய்யாமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். 1965-இல் லண்டனில் நடந்த ஆராய்ச்சி, தொழிலாளியின் உடையைத் துவைத்த வீட்டுப் பெண்களையும் ஆலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

எதிர்க்கோடியில் ஒரு பீதியும் உலவுகிறது: கல்நார்க் கூரையின் கீழ் உறங்கினாலே புற்றுநோய் என்று. அப்படியன்று. முழுசாய், விரிசலின்றி, யாரும் தொடாமல் இருக்கிற கூரையால் நேரும் அபாயம் சொற்பம். பயந்துபோய் அதைக் கடப்பாரையால் அடித்து நொறுக்குபவர்தான் சொற்பத்தை மிகுதியாக்குகிறார். பாசியைக் கம்பிப் பிரஷால் தேய்த்துவிட்டு வர்ணம் பூசுவது இன்னொரு பேதைமை. தேய்க்காமல் பூசலாம். கழற்றியே ஆகவேண்டுமானால், முதலில் நன்றாக நீர் தெளித்து நனைத்து, போல்ட்டுகளை விடுவித்து, தகட்டை உடைக்காமல் முழுசாய் இறக்கி, கனத்த பாலிதீனில் சுற்றிக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்க வேண்டும். சிந்தியதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், விளக்குமாறு கூடாது. வேலை உடையோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது. பழைய தகட்டைக் கோழிக்கூண்டுக்கும் குளியலறை மறைப்புக்கும் தானம் செய்வதையும், உடைசலைப் பாதையில் கொட்டி மேடாக்குவதையும் அடியோடு நிறுத்த வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்குக் கல்நார் கலவாத சிமெண்ட் தகடும், வர்ணமிட்ட உலோகத் தகடும், நம் பாட்டன்மார் அறிந்த ஓடும் இருக்கின்றன.

இங்கே என் சொந்த வழக்கொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிடிவாதக்காரன் என்று சக வைத்தியர்கள் என்னை ஏசுவதும் இதன் பொருட்டே. “என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று நோயாளியைக் கேளுங்கள் என இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி எழுதி வைத்தது 1700-இல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வெளிநோயாளிச் சீட்டுகளில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. மூச்சிரைப்போடும் வறட்டு இருமலோடும் வருகிறவரின் எக்ஸ்ரேயில் வடு தெரிந்தால் காசநோய் என்று தீர்மானித்து, சளியில் கிருமி அகப்படாவிட்டாலும் ஆறு மாத மாத்திரையை எழுதிக் கையில் கொடுத்தனுப்புகிறோம். அவர் கொதிகலனுக்குக் கல்நார்க் கயிறு சுற்றியவரா, பட்டறையில் பிரேக் லைனிங்கின் தூசைக் காற்றடித்து ஊதியவரா, தகட்டாலையில் மூட்டை அவிழ்த்தவரா என்று கேட்பார் இல்லை. தொழிற்சாலையில் உண்டாகும் ஆஸ்பெஸ்டோசிஸை வைத்தியர் அரசாங்கத்துக்கு அறிவித்தே ஆகவேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. கேட்காத வைத்தியன் எதைக் கண்டு எதை அறிவிப்பான்? அறிவிக்காததால் நோயாளிகள் கணக்கில் வருவதில்லை, கணக்கில் வராததால் “இந்தியாவில் கல்நாரால் யாருக்கு என்ன ஆயிற்று?” என்று வியாபாரி மார்தட்டுகிறான்.

ஆகையால் வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்த ஆலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை. நுரையீரலின் சுருங்கி விரியும் திறனை ஊதிப் பார்க்கும் பரிசோதனையை வேண்டிக் கேளுங்கள். எக்ஸ்ரே ஒரு முறை சுத்தமாக இருந்ததென்று அமர்ந்துவிடாதீர்கள். பீடியை இன்றே விடுங்கள். கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியப் பதிவேட்டை அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை முதலாளி பாதுகாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பதிவேட்டை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.