வெயிலை நம்பி ஏரியில் இறங்காதீர்கள்

மே பிறக்கப் போகிறது. தெற்கு இங்கிலாந்தில் மதிய வெயில் நல்ல நாட்களில் 20 டிகிரியை எட்டிப் பார்க்கிறது. டிரையத்லான் பருவத்தின் முதல் போட்டிகளுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. குளிர்காலம் முழுக்க சூடேற்றிய நீச்சல்குளத்தில் பயிற்சி செய்தவர்கள் அடுத்த சனிக்கிழமையே ஏரிக்குப் போகலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் தண்ணீர் வெயிலோடு சேர்ந்து சூடேறுவதில்லை, வாரக்கணக்கில் பின்தங்கியே வரும். இப்போது ஏரிகளில் ஏறத்தாழ 11 முதல் 13 டிகிரிதான் இருக்கும். கடல் இன்னும் மந்தம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். உயிர்காப்புப் படகு அமைப்பான ஆர்என்எல்ஐயின் கணக்கில் 15 டிகிரிக்குக் கீழே இருந்தாலே அது குளிர்நீர். நீச்சல்குளம் 27, 28 டிகிரி. இந்தப் பாதிக்குப் பாதி வித்தியாசத்தை உடம்புக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தி வைப்பதுதான் இந்த மாதத்து வேலை.

'எனக்குச் சின்ன வயதிலிருந்தே நீச்சல் தெரியும்' என்பது இங்கே பாதி பதில்தான். கிணற்றிலும் கடலிலும் நீந்தி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அந்தத் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டியது. பாக்கு நீரிணையை 1971-இல் போகவும் வரவும் நீந்திக் கடந்தவர் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். அவர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். அந்தக் கால்வாய் கோடையின் உச்சத்திலேயே 16 முதல் 18 டிகிரிதான். நீச்சல் திறமை வேறு, குளிர்நீர்ப் பழக்கம் வேறு.

முதல் மூன்று நிமிடம்

குளிர்நீர் என்றதும் எல்லோரும் பயப்படுவது உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஹைப்போதெர்மியாவை. டிரையத்லானின் 750 மீட்டரிலோ 1,500 மீட்டரிலோ வெட்சூட் போட்டவருக்கு அது அவ்வளவு சீக்கிரம் வந்துவிடாது. அதற்கு வெகு முன்பே வேறொன்று வந்து நிற்கும். தோல் திடீரெனக் குளிர்ந்ததும் நெஞ்சு தானாக ஒரு பெருமூச்சை இழுக்கும். பின்னாலேயே மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்து, சுற்றிலும் ஐம்பது பேர் கையும் காலும் வீசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று எளிதாகச் சொல்லிவைத்தார். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சை அடக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். உறைநிலைக்கு அருகிலுள்ள நீருக்கான கணக்கு இது. 12 டிகிரியில், வெட்சூட்டோடு, நேரம் கூடுதலாகக் கிடைக்கும். வரிசை மட்டும் மாறாது: முதலில் மூச்சு, அடுத்து கை, கடைசியில்தான் உள்வெப்பம்.

நல்ல செய்தி, இந்த அதிர்ச்சி பழக்கத்துக்கு அடங்கும். போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் குழுவினர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து காட்டியது இதைத்தான். ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் குளிர்நீரில் அமிழ்ந்தாலே அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் உடம்பில் தங்கியும் இருக்கும். முந்நூறு பவுண்டு வெட்சூட்டைவிட இந்த ஆறு அமிழ்வுகள் மேலானவை என்பது என் கட்சி.

இந்த வாரமே தொடங்குங்கள்

தெற்கு லண்டனில் இருப்பவர்களுக்கு டூட்டிங்கிலேயே வசதி இருக்கிறது. தோசைக் கடைகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 1906-இல் திறந்த டூட்டிங் பெக் லிடோ என்ற திறந்தவெளி நீச்சல்குளம். சூடேற்றாத தண்ணீர், 100 கெஜம் நீளம். வடக்கே இருப்பவர்களுக்கு பார்லிமென்ட் ஹில் லிடோ. பொதுமக்களுக்கு எந்த நேரம் என்று பார்த்துக்கொண்டு போங்கள். திறந்த ஏரியைவிட லிடோவில் பழகுவது நல்லது: எட்டினால் கரை, உயிர்காப்பாளர் கண்ணெதிரே, நுழைவாயில் பலகையில் அன்றைய வெப்பநிலை.

முதல் நாள் நீந்தவே வேண்டாம். படியில் மெதுவாக இறங்கி, இடுப்பளவில் நின்று, பின்கழுத்திலும் முகத்திலும் தண்ணீரை அள்ளித் தெளியுங்கள். தோள்வரை அமிழுங்கள். கவனம் முழுக்க வெளிமூச்சில் இருக்கட்டும். உள்மூச்சு தன்னால் வரும். மூச்சு சீரானபின் முகத்தை வைத்து, மூக்கால் குமிழி விட்டுப் பாருங்கள். நெற்றி விண்ணென்று வலிக்கும், சில நொடியில் போய்விடும். மூன்று நிமிடத்தில் ஏறிவிடுங்கள். 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போலிருக்கிறதே' என்று தோன்றும்போது ஏறுவதுதான் சரி. இரண்டாம் மூன்றாம் முறை மார்பு நீச்சலில் ஒரு நீளம், பிறகு முகம் தாழ்த்தி ஃப்ரீஸ்டைல். இப்படி இரண்டு வாரத்துக்கு ஆறு முறை. வீட்டில் குளித்து முடிக்கும்போது குழாயைக் குளிர்ப்பக்கம் திருப்பி ஒரு நிமிடம் நிற்பதும் உதவும். ஆனால் அது லிடோவுக்கு மாற்று ஆகாது.

தனியாகப் போகாதீர்கள். ஏரி என்றால் பளிச்சென்ற நிறத்தில் தொப்பியும் இடுப்பில் கட்டும் மிதவையும் வேண்டும். நீரில் இருக்கும்போது அவ்வப்போது கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை, விரல்கள் விரிந்தபடியே நிற்கின்றன என்றால் கை நரம்புகள் குளிர்ந்துவிட்டன, கரைக்குத் திரும்புங்கள்.

தெற்காசியர்களுக்கு இதய நோய் சற்று இளவயதிலேயே வருகிறது, நீரிழிவும் அப்படியே. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரேநோ தொல்லை உள்ளவர்கள் எல்லோரும் முதல் அமிழ்வுக்கு முன் ஜிபியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குளிர் அதிர்ச்சி இதயத்தை விரட்டுகிறது. முகம் நனைந்ததும் எழும் முக்குளிப்பு அனிச்சையோ அதையே மெதுவாக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். நோய் இருப்பவருக்கு அது விளையாட்டல்ல.

வெட்சூட்டும் மற்றவையும்

நியோப்ரீன் என்பது நுண்ணிய காற்றுக்குமிழி நிறைந்த ரப்பர். அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. உடம்புக்கும் ரப்பருக்கும் இடையே சிக்கும் மெல்லிய நீர்ப்படலம் தோலின் சூட்டை வாங்கி அங்கேயே நிற்க வேண்டும். புதுத் தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்து போனால் போட்டதில் பயனில்லை. எனவே அளவுதான் முக்கியம். கடையில் முழுக்கை வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள். முதுகின் அடிப்பள்ளத்தில், அக்குளில், கவட்டில் இடைவெளி தெரிந்தால் பெரிய அளவு. கழுத்து நெரிந்து மூச்சு இழுக்கச் சிரமமாக இருந்தால் சிறிய அளவு, இது இன்னும் மோசம். அலைச்சறுக்கு வெட்சூட் வேண்டாம், தோளைச் சுழற்ற விடாது. போட்டிக்கு 5 மில்லிமீட்டர் தடிமன்தான் உச்சவரம்பு. பருவம் முழுவதற்கும் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. முதல் வருடத்துக்கு அது போதும்.

போடும்போது அவசரம் கூடாது. பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நகத்தால் கிள்ளி இழுக்காதீர்கள், நியோப்ரீன் பிறை வடிவில் கிழியும். விரல் நுனிச் சதையால் மடித்து மடித்து ஏற்றுங்கள். கவடு சரியாக மேலே வந்தால்தான் தோளில் தளர்வு கிடைக்கும். பின்கழுத்தில் உராய்வுக் களிம்பு. வாசலின் சிலவகை ரப்பரைக் கெடுக்கும் என்பதால் நீச்சலுக்கென்றே விற்கும் களிம்பு நல்லது.

தலை வழியாகத்தான் பாதி உடற்சூடு போகிறது என்பது பழைய கதை. பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் நியோப்ரீன் தொப்பி வாங்குங்கள், நெற்றி வலிக்காமல் முகம் தாழ்த்த அது உதவும். போட்டியில் தரும் தொப்பியை அதன் மேலே போட்டுக்கொள்ளலாம். காதடைப்பான் இன்னும் அவசியம்: குளிர்ந்த நீர் காதுக்குள் போனால் தலை சுற்றும், திசையே தெரியாது. கையுறை, காலுறை விஷயத்தில் போட்டிக்குப் போட்டி விதி மாறும். அனுப்பியிருக்கும் கையேட்டைப் படியுங்கள். பிரிட்டிஷ் டிரையத்லான் விதிப்படி 14 டிகிரிக்குக் கீழே வெட்சூட் கட்டாயம், 11-க்குக் கீழே நீச்சலே கிடையாது. தூரத்தைக் குறைப்பதும், நீச்சலை எடுத்துவிட்டு ஓட்டம்-சைக்கிள்-ஓட்டம் என்று மாற்றுவதும் மே மாதத்தில் சகஜம். முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெட்சூட்டுக்குள் சிறுநீர் கழித்தால் சூடாக இருக்கும் என்று உடைமாற்றும் இடத்தில் யாராவது ஒரு அனுபவசாலி சொல்வார். சூடுதான், சில நொடிக்கு. அதுவும் உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த சூடு. வாடகை வெட்சூட் என்றால் கடைக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக் காலை

இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள். இடியப்பமோ ஓட்ஸ் கஞ்சியோ, வழக்கமானதையே சாப்பிடுங்கள். உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்குவதும் மாவுச்சத்தை எரித்துத்தான். தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு இறங்க வேண்டாம், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

ஆறு மணிப் புல்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் நீரில் இறங்குமுன்பே பாதிச் சூட்டை இழந்துவிடுகிறார். தூக்கிப் போட மனம் வரும் பழைய காலுறை, பழைய ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி எல்லாம் கடைசி நிமிடம்வரை உடம்பில் இருக்கட்டும். கையைச் சுழற்றி, குதித்து, உடம்பைக் கரையிலேயே சூடாக்குங்கள். இறங்குவதற்குச் சற்றுமுன் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த வெதுவெதுப்பான நீரை வெட்சூட்டின் கழுத்து வழியே ஊற்றிக்கொள்ளலாம். உள்ளே சிக்கும் முதல் தண்ணீர் சூடானதாக இருக்கும். முகத்துக்கு மட்டும் ஏரித்தண்ணீர்தான். நார்வேயின் நோர்ஸ்மன் போட்டியில் வீரர்கள் ஃபெரியிலிருந்து ஹார்டாங்கர் ஃபியோர்டுக்குள் குதிப்பார்கள். குதிக்குமுன் ஃபியோர்டுத் தண்ணீரையே குழாயால் அவர்கள்மேல் பீய்ச்சுகிறார்கள். உடம்புக்கு முன்னறிவிப்பு கொடுப்பதுதான் நோக்கம்.

ஆழத்தில் மிதந்தபடி தொடங்கும் போட்டி என்றால் சும்மா தொங்கிக்கொண்டு நிற்காமல் கைகளை அசைத்துக்கொண்டே இருங்கள். புதியவர்கள் கூட்டத்தின் ஓரத்திலோ பின்னாலோ நிற்கலாம். இழப்பது அரை நிமிடம். ஹார்ன் ஒலித்தபின் முதல் நூறு மீட்டர் மெதுவாக. மூச்சு கட்டுக்கு வராவிட்டால் மல்லாந்து மிதங்கள், வெட்சூட் உங்களை மூழ்க விடாது. தேவைப்பட்டால் ஒரு கையை உயர்த்துங்கள், கயாக் வரும். அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். அதனால் முன்னேறாதவரை தகுதிநீக்கம் கிடையாது. பலர் இது தெரியாமல் வீம்புக்கு நீந்துகிறார்கள்.

ஒன்றை மட்டும் வீம்பால் வெல்ல முயலாதீர்கள். நீந்தும்போதே இருமல், நெஞ்சில் களகளச் சத்தம், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். குளிர்நீர், இறுக்கமான வெட்சூட், அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர், உயர் ரத்த அழுத்தம் எல்லாம் இதற்குத் துணைபோகும். உடனே கரையேறி மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். பயிற்சியின்போது என்றால் 999.

கரையேறிய பிறகு

மரத்துப்போன விரலால் ஹெல்மெட் கொக்கியைப் பூட்டுவது தனிக் கலை. வீட்டிலேயே கையை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துவிட்டுப் பூட்டிப் பழகுங்கள். ஷூவுக்கு எலாஸ்டிக் கயிறு, ஜிப்பின் நுனியில் பெரிய வளையம், சைக்கிள் கைப்பிடியில் ஒரு துண்டும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும். நனைந்த உடம்போடு மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் போகும்போது குளிர்வது ஏரியில் குளிர்ந்ததைவிட மோசமாக இருக்கும். ஜாக்கெட் போட ஆகும் ஒரு நிமிடத்தை மிச்சம்பிடித்து சைக்கிளில் பத்து நிமிடத்தைத் தொலைப்பவர்களை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கலாம்.

பயிற்சி முடிந்து ஏறும்போது நிலைமை வேறு. கரையேறியபின்னும் 10 முதல் 30 நிமிடம்வரை உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். ஏறியவுடன் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று பேசிக்கொண்டு நிற்பவர்தான் கால் மணி நேரத்தில் பல் கிடுகிடுக்க உட்காருவார். மேலுடம்பை முதலில் துடைத்து உலர்ந்த துணி, பிறகு கீழே, பிறகு தொப்பி. உடனே கொதிக்கும் ஷவருக்குள் போகாதீர்கள், ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தாராளமாகச் சேர்த்த பிளேன்டீ போதும், மது வேண்டாம். நடுக்கம் முழுதாக நிற்கும்வரை கார் ஓட்டாதீர்கள். நடுங்கியவர் நடுக்கம் நின்றதும் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ அது குணமான அறிகுறி அல்ல. போர்த்திப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஜூன் நடுவில் ஏரிகள் 17 டிகிரிக்கு வந்துவிடும். அதுவரை நியோப்ரீன் தொப்பியும் ஃபிளாஸ்க்கும் நீச்சல் பையிலேயே இருக்கட்டும்.