வெந்நீர் வரவில்லையா, ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள்

லண்டனில் நவம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி பாய்லரைப் பற்றித்தான். நான் மெக்கானிக் இல்லை. வீடு மாறி மாறிப் பல வகைப் பாய்லர்களோடு குளிர்காலம் கழித்தவன். பழுது பார்க்க வருபவர் பக்கத்தில் நின்று விடாமல் கேள்வி கேட்பவன். "பாய்லர் வேலை செய்யல" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஹீட்டிங் வரவில்லையா, வெந்நீர் வரவில்லையா, இரண்டுமேயா?

இங்கே பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரில் தொங்குவது காம்பி பாய்லர். வெந்நீரைச் சேர்த்துவைக்கத் தொட்டி கிடையாது. ஒரே பர்னர் இரண்டு வேலையையும் பார்க்கிறது. சாதாரணமாக அது சூடாக்கும் தண்ணீர் ரேடியேட்டர்களைச் சுற்றி வரும். நாம் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் உள்ளே இருக்கும் டைவர்ட்டர் வால்வு அந்தச் சூட்டை பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கம் திருப்பிவிடும். தெருவிலிருந்து வரும் பச்சைத்தண்ணீர் அங்கே சூடாகிக் குழாய்க்குப் போகும். ஆகவே இரண்டும் ஒருசேர நின்றால் கேஸ், கரண்ட், பிரஷர் ஆகிய பொதுவான விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் நின்றால் கோளாறு அந்தப் பக்கத்தில். இதைத் தெரிந்துகொண்டு போன் செய்தால், வருபவர் சரியான பாகத்தோடு வர வாய்ப்பு அதிகம்.

இரண்டுமே இல்லையென்றால் முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள். அதுவும் எரியவில்லை என்றால் பாய்லர் மேல் குற்றமில்லை. ப்ரீபெய்டு மீட்டரில் பணம் தீர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டின் பேட்டரியையும் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மாறும்போது பழைய டைமர்கள் தாமாக மாறுவதில்லை. ஹீட்டிங் ஒரு மணி நேரம் முன்னதாக ஓடும்.

அடுத்தது பிரஷர். பாய்லரின் முகப்பில் ஒரு முள் இருக்கும், அல்லது எண் தெரியும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால், பாய்லருக்குக் கீழே வெள்ளிப் பின்னல் போட்ட சிறு ஹோஸைத் தேடுங்கள். ஃபில்லிங் லூப் என்பது அதுதான். அதன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் சீறும் சத்தம் கேட்கும், முள் நகரும். 1.5-ஐத் தொடுவதற்கு முன் இறுக்கி மூடிவிடுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை இப்படிச் செய்வதில் தவறில்லை. வாரா வாரம் செய்ய வேண்டியிருந்தால் பழுது வேறெங்கோ இருக்கிறது. புதுத் தண்ணீர் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அது ரேடியேட்டரின் இரும்பை உள்ளிருந்தே அரித்துக் கறுப்புச் சேறாக்கும்.

பிரஷர் எப்படிக் குறைகிறது என்பதையும் கவனியுங்கள். ஹீட்டிங் ஓடும்போது முள் 3 வரை ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்குப் போனால் எக்ஸ்பான்ஷன் வெசலைச் சந்தேகிக்கலாம். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றுக்கலம் அது. காற்றுப் போய்விட்டால் தண்ணீர் போக இடமில்லை. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டும். வெளிச்சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் செப்புக் குழாயின் நேர்கீழே ஒரு காய்ந்த டப்பாவை இரவு வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். மழை பெய்யாமலே அதில் தண்ணீர் இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் இணைப்புகளைத் தேடித் தரையைக் கிளப்பும் வேலை மிச்சமாகும்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஒரு கோடையில் சொன்னார்: "தம்பி, ஹீட்டிங்கை நிப்பாட்டித்தான் வச்சிருக்கிறன். ஆனா குளிக்கேக்க ரேடியேட்டர் சுடுகுது. தண்ணி வெதுவெதுப்பாத்தான் வருது." டைவர்ட்டர் வால்வு முழுதாகத் திரும்பாமல் நடுவில் சிக்கியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். "அம்மா, இதையே அப்படியே இன்ஜினியரிடம் சொல்லுங்கள்" என்றேன். அந்த வால்வுதான் மாற்றப்பட்டது.

வெந்நீர் நன்றாகத் தொடங்கிச் சில நொடிகளில் ஆறி, மறுபடி சுட்டு, மறுபடி ஆறினால் காரணம் பெரும்பாலும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படிந்த சுண்ணாம்பு. லண்டன் தண்ணீர் கடினநீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது இங்கேயும் படியும். சூடு கடந்து போக முடியாமல் தேங்க, பர்னர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆனால் ஷவரில் மட்டும் இப்படி, சமையலறைக் குழாயில் சரி என்றால் பாய்லரை விட்டுவிடுங்கள். ஷவர் மிக்ஸரின் கார்ட்ரிட்ஜைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜனவரியில் வெந்நீரின் சூடு குறைவது பழுதே அல்ல. 24 கிலோவாட் பாய்லரால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரைத்தான் 35 டிகிரி உயர்த்த முடியும். உள்ளே வருவதே 5 டிகிரியில் என்றால் வெளியே 40 தான். குழாயைச் சற்று மூடினால் சூடு கூடும். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பாத்திரம் கழுவினால் இருவருக்கும் கிடைக்காது.

ரேடியேட்டர்களில் கை வைத்தே பாதி தெரிந்துகொள்ளலாம். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் காற்று. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ஓரத்துச் சதுர ஊசியில் சாவியைப் பொருத்தி, துணி பிடித்துக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினால் உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடுங்கள். பிறகு பிரஷரை மறுபடி பாருங்கள். கீழே நடுவில் குளிர்ந்து மேலே சுட்டால் சேறு. அதற்குச் சாவி உதவாது. ஒரே ஒரு ரேடியேட்டர் முழுதாகக் குளிர்ந்திருந்தால், கோடை முழுக்க மூடிக்கிடந்த அதன் வால்வின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம். தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்திவிட்டால் எழும். குறடால் பிடித்து இழுக்காதீர்கள், வால்வே கழன்று தண்ணீர் பீய்ச்சும்.

உறைபனிக் காலையில் பாய்லருக்குள் குளுகுளுவென்ற சத்தம் கேட்டு அது நின்றுவிட்டால், வெளியே ஓடும் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். 2010 டிசம்பர்க் குளிரில் நாடு முழுக்கப் பாய்லர்கள் இப்படித்தான் நின்றன. கைக்கு எட்டும் இடமானால் வெதுவெதுப்பான நீரை ஊற்றி இளக்கலாம்; கொதிநீர் குழாயைப் பிளந்துவிடும். ஏணி ஏறாதீர்கள். இளகியதும் ரீசெட் செய்தால் ஓடும். திரும்பத் திரும்ப உறைந்தால் 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி, மேலே உறை போடச் சொல்லுங்கள்.

நாமாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான். பாய்லரின் மூடியைத் திறப்பது கேஸ் சேஃப் பதிவு உள்ளவரின் வேலை. 2009 முதல் நடைமுறையில் உள்ள பதிவு இது. வருபவரின் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சிட்டிருக்கும், திருப்பிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் தலைவலி, மயக்கம், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் கார்பன் மோனாக்ஸைடாக இருக்கலாம். பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 எண்ணை அழையுங்கள். அலாரம் இல்லாத வீட்டில் ஓர் இரவுகூடப் படுக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், குறிப்பாகப் புதிதாக வந்த மாணவர்கள், வீட்டுக்காரர் கோபிப்பாரோ என்று வாரக்கணக்கில் குளிரில் கிடக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஹீட்டிங்கையும் வெந்நீரையும் பழுது பார்த்துத் தருவது 1985-ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரரின் கடமை. 12 மாதத்துக்கு ஒருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து சான்றிதழ் தருவதும் அப்படியே. போனில் சொல்வதோடு நிறுத்தாமல் பிரஷர் முள், திரையில் வரும் எரர் கோடு ஆகியவற்றின் போட்டோவை இணைத்துத் தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அதே செய்தியைக் கவுன்சிலின் வீட்டு வசதிப் பிரிவுக்கு அனுப்பலாம்.