சிற்றுருவிற் காணும் போர்க்கால மோட்டார்ச் சைக்கிள்

சிற்றுரு அமைத்தலைச் சிறார் விளையாட்டென்று ஒதுக்குவார் உளர். கைத்திறனும் கணிதமும் வரலாறும் ஒருங்கே வேண்டி நிற்கும் இதனைக் கல்வியின் பாற்படுத்தலே பொருந்தும் என்பது எம் கருத்து. அதற்குச் சான்றாக, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை கையாண்ட பி.எம்.டபிள்யூ. ஆர் 75 என்னும் சைட்கார் பூட்டிய மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம்.

யப்பானியத் தமியா நிறுவனம் முதலியன விற்கும் பெட்டிகளில் இவ்வண்டியின் உறுப்புக்கள் முப்பத்தைந்தில் ஒரு பங்காக வார்க்கப்பட்டுள்ளன. 2.4 மீற்றர் நீளமுள்ள வண்டி ஏறத்தாழ 69 மில்லிமீற்றராகி உள்ளங்கையில் அடங்கிவிடுகின்றது. சில்லின் ஆரக்கம்பி 3½ மில்லிமீற்றர் தடிப்பெனின், சிற்றுருவில் அது 0.1 மில்லிமீற்றராதல் வேண்டும். அத்துணை மெல்லிய கம்பியைப் பிளாஸ்ரிக்கில் வார்த்தல் அரிது. ஆதலின் பெட்டியில் வருவன தடித்தே இருக்கும். அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுக் கம்பிகளோ மெல்லியன, ஆயின் தட்டையானவை. இரண்டிலும் குறையுண்டு. நாம் பித்தளையையே விரும்புவோம்.

இவ்வண்டியின் உயிர்நாடி வேறிடத்தில் உளது. சாதாரண சைட்காரின் சில்லு வெறுமனே உருள்வது. 745 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 26 குதிரைவலுவும் உடைய ஆர் 75 இலோ, பின்சில்லிலிருந்து குறுக்கே செல்லும் ஒரு தண்டு சைட்கார்ச் சில்லையும் சுழற்றுகின்றது. வளைவுகளில் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் உருளப் பற்சக்கரத் தொகுதியொன்று இடந்தரும். சேற்றிற் புதைந்தால் அதனைப் பூட்டிவிடலாம். பின்செல்லும் கியரும் உண்டு. எனவே அக்குறுக்குத் தண்டை ஏதோ ஒரு தாங்குகோலென்று எண்ணிக் கோணலாக ஒட்டுபவர் வண்டியை அறியாதவரே. பசையிடுமுன் மூன்று சில்லுகளையும் கண்ணாடித் தகட்டின்மீது நிறுத்திப் பார்த்தல் நன்று. இன்னொன்று: சோவியத் நாட்டு எம்-72, இதற்கு முந்திய ஆர் 71 ஐப் பின்பற்றி எழுந்தது, அதன் சைட்கார்ச் சில்லுக்கு உந்துவிசை இல்லை. தோற்ற ஒற்றுமை கண்டு அதற்கும் தண்டு பூட்டற்க.

நிறத்திலும் காலம் அறிதல் வேண்டும். ஜேர்மன் படை வண்டிகளுக்குக் கருஞ்சாம்பலை நீக்கிக் கருமஞ்சளை அடிநிறமாக்கியது 1943 பெப்ரவரியில். ஸ்ராலின்கிராட்டில் எஞ்சிய ஜேர்மன் படை சரணடைந்ததும் அம்மாதம் 2ஆம் நாளே. அந்நகரக் காட்சியிற் கருமஞ்சள் வண்டி நிற்குமாயின், அது அழகாயிருக்கலாம், வரலாறாகாது. பெட்டிமேற் படத்தில் அதனைச் செலுத்துவோர் உல்லாசப் பயணிகள்போற் காட்டப்படுவதுமுண்டு. பிறர் நாட்டுட் படையெடுத்துப் புகுந்த வண்டி இது. நாம் சேறும் துருவும் பூசி, பளபளப்பற்ற வார்னிஷ் இட்டே வைப்போம்.